புற்றுநோய் கண்ட பிள்ளைகள்: மருந்துக்கு அப்பால் தேவைப்படும் உதவி

சிறுவர்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோயே அதிகம். அதில் பரவலாகக் காணப்படும் வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு வரை நீடிக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு என்பதால், “செலவுதான் இல்லையே” என்று சுற்றத்தார் நினைத்துவிடுகிறார்கள். உண்மைக் கணக்கு பிள்ளையின் தாய்க்குத்தான் தெரியும்.

இந்நோய்க்கான சிறப்பு மருத்துவர்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வரும் பயணம், கடைச் சாப்பாடு, பிள்ளையின் கட்டிலருகே ஒருவர் இருந்தே ஆகவேண்டியதால் நின்றுபோகும் சம்பளம், பாட்டி வீட்டில் விடப்பட்ட மற்றப் பிள்ளைகள் என்று சுமை நீள்கிறது. நாள் சம்பளக் குடும்பங்கள் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டுக்கும் குறைவு. தாமதமாகக் கண்டறிவதோடு, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த இடைவெளியில்தான் அறப்பணி இயக்கங்கள் நிற்கின்றன. 1966இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் தங்க கோலாலம்பூரில் ஓர் இல்லம் நடத்துகிறது. 1994இல் அமைந்த ‘மாக்னா’ எனும் தேசியப் புற்றுநோய் மன்றம், வசதி குறைந்த நோயாளிகளுக்குப் பண உதவி வழங்குகிறது. பெற்றோர் முதலில் தட்டவேண்டிய கதவு, மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு. எந்த உதவிக்கு எந்தப் பாரம் என்பதை அவர்களே சொல்லி அனுப்புவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு நகையை அடகு வைத்த பிறகு அங்கே போவதில் பயனில்லை.

படிப்பும் நிற்கவேண்டியதில்லை. கல்வியமைச்சு 2011 முதல் மருத்துவமனைப் பள்ளிகளை நடத்துகிறது. தமிழ்ப்பள்ளி வகுப்பாசிரியர் புலனத்தில் அனுப்பும் பாடமும், நண்பர்களின் குரல் பதிவும் பிள்ளைக்குப் பெரிய தெம்பு.

சிங்கப்பூரில் 1992இல் உருவான சிறார் புற்றுநோய் அறநிறுவனம், 2003 முதல் ‘ஹேர் ஃபார் ஹோப்’ என்ற பெயரில் மொட்டை போட்டு நிதி திரட்டும் நிகழ்ச்சியை நடத்திவருகிறது. நேர்த்திக்கடனுக்கு முடியிறக்கும் நம்மவர்களுக்கு அது புதிதல்ல. சிகிச்சையால் முடி உதிர்ந்த பிள்ளையோடு சேர்ந்து தாமும் மொட்டையடிப்பதுதான் புதிது.

நல்லெண்ணமும் சில நேரம் கெடுதலாகும். கீமோ மருந்தால் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். தீபாவளிக்கு இருபது பேர் பலகாரத்தோடு வார்டுக்குள் நுழைந்து படம் எடுத்துக்கொள்வதைவிட, அந்தப் பணத்தை இல்லத்துக்கோ பஸ் செலவுக்கோ கொடுப்பது மேல். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகவே கூடாது.

கையில் பணமில்லாதவர்கள் ரத்தம் கொடுக்கலாம். இப்பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படும் ரத்தத் தட்டணுக்களைச் சுமார் 5 நாள்தான் வைத்திருக்க முடியும். அதனால் ஒரே நாளில் நூறு பேர் திரளும் முகாமோடு வேலை முடிவதில்லை. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, உடல்நலமுள்ள எவரும் கொடுக்கலாம். பெருநாள் விடுமுறைகளில் கொடுப்போர் குறைவு; அப்போதும் வார்டில் தேவை குறைவதில்லை.