ஆபிரிக்காவில் வெக்கைநோய்
1887இல் இத்தாலியப் படையினருக்கென மசாவாத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கைநோயும் செங்கடற்கரையில் ஏறிற்று. எதியோப்பியாவின் மாடுகளில் பத்தில் ஒன்பது மடிந்தன என்பர். உழுதற்கு எருதின்றி நிலங்கள் தரிசாகவே பெரும் பஞ்சம் மூண்டது. பத்தாண்டுக்குள் நோய் நன்னம்பிக்கைமுனை நாட்டை எட்டிற்று.

1960ஐ ஒட்டிக் கென்யாவில் வால்டர் பிளவுரைட் ஆக்கிய தடுப்பூசி நெடுங்காலப் பாதுகாப்பளித்தது. 1962இல் தொடங்கிய கூட்டியக்கம் நோயை ஏறக்குறைய ஒழித்தது. அந்த ஏறக்குறையவே வினையாயிற்று. கண்காணிப்புத் தளர, 1980களில் நோய் மீண்டும் பரந்தது. வெப்பந் தாங்காத அம்மருந்து தொலைநிலத்து மந்தைகளை எளிதில் அடையவில்லை. வெப்பந்தாங்கும் மருந்து கிடைத்தபின், 1990களில் சூடானின் தென்பகுதி முதலிய இடங்களில் மேய்ப்பரே பயிற்சிபெற்று ஊசியிட்டனர். நோய்க்குறிகளை எவ்வதிகாரியினும் முன்னறிபவர் அவராதலின் இம்முறை விரைந்து பயனளித்தது. 2001இல் கென்யாவின் காட்டெருமைகளில் இறுதியாகக் காணப்பட்ட அந்நோய், 2011இல் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.