நுங்கா, பதநீரா? ராமநாதபுரத்துப் பனையின் பழைய கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சாலையோரமெல்லாம் நுங்குக் குலைகள் குவிந்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் கோடையில் பீச் பழத்தை முகர்ந்து பார்த்து, லேசாக அமுக்கிப் பார்த்து வாங்குவார்கள். நுங்கில் அந்த வித்தை பலிக்காது. கருத்த தோல், கல் மாதிரி காய், வாசனையும் கிடையாது. அரிவாளால் மண்டையைச் சீவின பிறகுதான் குட்டு வெளிப்படும். கண்ணில் கட்டைவிரலை விட்டால் குழைந்து, தண்ணீர் தெறித்தால் இளசு. வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, தேங்காய் மாதிரி கடிபட்டால் முற்றல். அப்புறம் வரும் வயிற்று வலிக்கு விற்பவர் பொறுப்பல்ல!

ஆக, வாங்குகிறவருக்குத் தேர்வு குறைவு. உண்மையான தேர்வு மரத்தின் மேலே, பனையேறியின் கையில் நடக்கிறது.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் நுங்கு கிடையாது. பெண் மரத்திலும் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கினால் அந்தப் பாளையில் காய் பிடிக்காது. நுங்கு வேண்டுமென்றால் பதநீரை விட வேண்டும், பதநீர் வேண்டுமென்றால் நுங்கை விட வேண்டும். காமர்ஸ் வகுப்பில் 'ஆப்பர்சூனிட்டி காஸ்ட்' என்று எழுதிப் போடுகிறார்களே, அதைப் பனையேறிகள் தலைமுறை தலைமுறையாக மரத்து உச்சியில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் பதநீர்தான் ஜெயித்தது. காரணம் கருப்பட்டி. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினால் மாதக்கணக்கில் வைத்து விற்கலாம், தூர ஊருக்கு அனுப்பலாம். நுங்கு ஓரிரு நாளில் கெட்டுவிடும். அதற்கு 'குளோசிங் ஸ்டாக்' என்றாலே பூஜ்யம்தான். வரலாற்று ஏடுகளும் வியாபாரத்தின் பின்னால்தான் போகின்றன. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனஞ்சட்டங்கள் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்கு வந்தது பதிவாகியிருக்கிறது. 1850-ல் வில்லியம் ஃபெர்குசன் என்பவர் இலங்கையில் இருந்துகொண்டு பனைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஓலைக்கு ஏட்டுச்சுவடிகளே சாட்சி. பாவம், நுங்கைச் சாப்பிட்டவர்கள் கணக்கு எழுதி வைக்கவில்லை.

ஆனால் பதநீருக்கு ஒரு தலைவலி இருந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். வித்தியாசம் அவ்வளவுதான்! 1886-ல் வந்த மதராஸ் அப்காரி சட்டத்தால் கள் அரசாங்கத்தின் வருமானக் கணக்கில் ஏறியது. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தினார்கள், பிறகு மாறி மாறிச் சட்டம் வந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. இத்தனை மாற்றத்திலும் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கினவர், தன் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டிய நிலையில் இருந்தார். நுங்கு வெட்டுகிறவரை யாரும் சந்தேகப்பட முடியாது. தினமும் இரண்டு தடவை பாளை சீவவும் வேண்டாம், குலை தயாரானால் ஏறி வெட்டினால் போதும். இன்றைக்குச் சாலையோரத்தில் பதநீரைவிட நுங்கு கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே சொல்லலாம்.

ஆனாலும் ஏற ஆள் வேண்டுமே? தவறி விழுந்தால் உயிர் போகும், அல்லது முதுகெலும்பு போகும். பனையேறியின் பிள்ளை வேறு வேலை தேடினால் அதைக் குறை சொல்ல முடியாது. ஏறாத மரம் சும்மா நிற்கிறது, சும்மா நிற்கும் மரத்துக்குச் செங்கல் சூளைக்காரர் விலை பேசுகிறார். பல பத்தாண்டு வளர்ந்த மரம் ஒரே நாளில் விறகு.

1978-ல் பனை தமிழ்நாட்டின் மாநில மரம் ஆனது. பட்டம் கொடுத்ததோடு சரி, கோடரி நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில்தான், கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். 30 மாவட்டங்களில் 76 லட்சம் விதைகள் தருவதாகவும் சொன்னார்கள்.

விதைத்த பனை பூக்க 12 முதல் 15 வருடம் ஆகும், சிலது இன்னும் தாமதிக்கும். அதுவரை ஆணா பெண்ணா என்று பார்வையில் சொல்ல முடியாது. 2021-க்குப் பிறகு ஊன்றிய விதைகளில் சுமார் பாதி ஆண் மரமாகத்தான் நிற்கும். மீதியில் நுங்கு தொங்கும் காலத்தில் அதை வெட்ட ஏறுகிறவருக்கு இப்போது பள்ளிக்கூட வயதுதான் இருக்கும்.