கருங்குழி வட்டாரத்தில் தொடக்கப் பாடங்கள்: வணிகக் கணினியியலும் உயிரியலும்

பட்டப்படிப்பின் முதலாண்டில் ஒரு துறையின் அரிச்சுவடியைக் கற்பிக்கும் தாள்களைத் தொடக்கப் பாடங்கள் என்பர். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை ஒட்டியுள்ள கருங்குழிப் பிள்ளைகள் இவற்றைப் படிக்கப் பெரும்பாலும் பாலாற்றைக் கடந்து வடக்கே போகிறார்கள். வள்ளலார் வாழ்ந்த கருங்குழி இதுவன்று. அது வடலூர்ப் பக்கம். இந்தக் கருங்குழி, 1825 முதல் 1835 வரையிலான இடைவெளி நீங்கலாக, 1859 வரை மாவட்டத் தலைநகராக இருந்த ஊர்.

வணிகக் கல்வி இந்தியாவில் முதலில் வேரூன்றியது சென்னையில்தான். பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886-இல் அங்கே ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினர். சிற்றூர்களில் அந்த மரபை வளர்த்தவை கல்லூரிகளைவிடத் தட்டச்சுப் பயிலகங்களே. லோயர், ஹையர் தேர்வு முடித்தவருக்கு அலுவலக வேலை எட்டும் தூரத்தில் இருந்தது. தட்டச்சுப் பொறி ஓய்ந்த பிறகும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ கணினிச் சான்றிதழ்த் தேர்வை நடத்தி வருகிறது. வணிகக் கணினியியலின் உண்மையான முன்னோர் இந்தப் பயிலகங்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்டர்மீடியட் என்ற ஈராண்டுப் படிப்பு போய் ஓராண்டு பி.யூ.சி. வந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியதும் அதுவும் போயிற்று. அதுவரை கல்லூரி வாசலில் நிகழ்ந்த அறிமுகம் பிளஸ் டூ வகுப்பறைக்கு நகர்ந்தது. எந்த குரூப் என்பதைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. செங்கல்பட்டில் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி 1970-இல் தொடங்கப்பட்டிருந்ததால், இந்த மாற்றத்தின்போது தென்பகுதிப் பிள்ளைகள் தாம்பரம்வரை போக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

கணினி வந்த வழி வேறு. ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன், கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963-இல் வந்திறங்கிய ஐ.பி.எம். 1620 கணினியை வைத்து நிரல் எழுதக் கற்பித்தார். அவருடைய மலிவு விலைப் பாடநூல்கள் நாடெங்கும் முதலாண்டு மாணவர் கைக்குப் போயின. வணிகத்துக்கென்றே 1959-இல் வடிவமைக்கப்பட்ட கணினிமொழி கோபால். தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்போல் இருக்கும். ஆனால் வணிகவியல் மாணவரைக் கணினிமுன் உட்காரவைத்தது அதுவன்று, டேலி. 1986-இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட் என்று விரல்நுனியில் பாடமானது இரட்டைப் பதிவு முறை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் சிறு கடைகளுக்கும் கணினியில் கணக்கெழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. பி.காம். கணினிப் பயன்பாடு என்ற பட்டத்தைச் சுருக்கி ‘பி.காம். சி.ஏ.’ என்பார்கள். மகன் ஆடிட்டராகப் போகிறான் என்று நினைத்துக்கொள்ளும் பெற்றோரும் உண்டு.

உயிரியல் பாடத்துக்கு வயது கூடுதல். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் இந்திய மாணவர்களுக்கென்றே தாவரவியல் பாடநூல் எழுதினார். விலங்கியலில் எம். ஏகாம்பரநாத ஐயரின் கையேடு பல தலைமுறைகளுக்குப் பாடமாக இருந்தது. செய்முறை வகுப்பென்றால் மெழுகுத் தட்டில் குத்திய தவளை, கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள், ரெக்கார்டு நோட்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கு அறுப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-இல் தடையே விதித்தது. தவளை பிழைத்தது. கைப்பழக்கம் போயிற்று என்று குறைப்பட்டுக்கொண்ட ஆசிரியர்களும் உண்டு.

இத்தனைக்கும் நடுவே வாசலில் கிடந்த பாடம் வேடந்தாங்கல். கருங்குழிக்கு அருகே, சுமார் 30 ஹெக்டேர் ஏரி. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் பாதுகாப்பு ஆணை தந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல்தான் பிறந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை எந்தத் தாளும் இல்லாமலே அறிந்திருந்தவர்கள் அந்த உழவர்கள். நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லியும், எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவான பாடத்திட்டம் நடைமுறைக்கு வர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதில் களப்பணியும் உண்டு. டேலி படிக்கும் பிள்ளைக்கும் நாரையைப் பார்க்க ஒரு காரணம் அப்படித்தான் கிடைத்தது.

இரண்டு பாடமும் கைகோத்து நடக்கும் இடம் ஒன்று கடற்கரையில் இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்டு, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் என நான்கு வகைப் பாம்புகளிலிருந்து நஞ்சு எடுத்து, மாற்று மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பிடித்து வரும் ஒவ்வொரு பாம்பும் சங்கத்தின் பதிவேட்டில் வரவாகிறது. சில வாரம் மண்பானையில் வைத்து நஞ்சு எடுத்தபின், மறுபடி பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.