லென்ஸுக்காகத் தப்பிய பாட்டு

1978இல் பிபிசியின் டேப் நூலகத்தில் என்ன நடந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே ஜான் ஹென்ஷால் வந்து நின்றுவிட்டார். பாடகரில்லை, அதிகாரியில்லை, ஒரு கேமராமேன். ஆனால் இந்தத் தொடரில் இதுவரை வந்துபோனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். இரண்டு வரியில் அனுப்பிவைக்க மனம் வரவில்லை.

1973 ஜனவரி 3, புதன்கிழமை. மேற்கு லண்டனில் பிபிசி டெலிவிஷன் சென்டர். ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற பாப் இசை நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு நடக்கிறது. பாடகர் டேவிட் போவியும் அவருடைய ஸ்பைடர்ஸ் குழுவும் ‘தி ஜீன் ஜீனி’ பாட வந்திருக்கிறார்கள். மிக் ரான்சன் கித்தார், ட்ரெவர் போல்டர் பேஸ், வுடி வுட்மன்சி டிரம்ஸ். அந்த நிகழ்ச்சியில் வாயசைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். போவி அன்று அப்படிச் செய்யவில்லை. குழு முழுவதும் நிஜமாகவே வாசித்தது, அவர் நிஜமாகவே பாடினார். நடுவில் ஹார்மோனிகாவை எடுத்து பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’விலிருந்து ஒரு துளியை ஊதிவிட்டுப் பாட்டுக்குத் திரும்பினார். இசைத்தட்டில் இல்லாத குறும்பு அது.

மறுநாள் மாலை பிரிட்டன் பார்த்தது. அந்தப் பாட்டு தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறி நின்றது. முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? ஒன்பது வயதுப் பையன் ஜிம்மி ஆஸ்மண்ட். ஜனநாயகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் சில தேர்தல் முடிவுகளை ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

அதன்பின் அந்த டேப்பை பிபிசி அழித்தது.

அழிப்பது எவ்வளவு எளிது என்று பாருங்கள். இரண்டு அங்குல அகல டேப். பதிவு இயந்திரம் ஆளுயரம் நிற்கும். அதற்குள் நான்கு முனைகள் பொருத்திய சக்கரம் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றும். இத்தனை ஆரவாரத்தோடு பதிவானதை ஒரு பெரிய மின்காந்தத்தின் மேல் வைத்துத் திருப்பினால், சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த மாதிரி சில விநாடிகளில் வெறுமையாகிவிடும். டேப்பின் விலை அதிகம், திரும்பத் திரும்பப் பதியலாம் என்பதுதான் அதன் பெருமையே. கத்தியால் வெட்டி ஒட்டினால் அந்தப் பெருமை போய்விடும் என்பதால், எடிட்டிங்குக்காக வெட்டுவதற்குக்கூட யோசித்தார்கள்.

அறுபதுகளில் அழித்தவர்களுக்காக நான் கொஞ்சம் வாதாடுவேன். இசைக் கலைஞர்கள் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வீட்டில் வீடியோ பார்க்கும் காலம் வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. 1969 நவம்பரில் பிபிசி 1 வண்ணத்துக்கு மாறியதும், கறுப்பு வெள்ளை டேப்புகள் பழைய சாமானாகிவிட்டன. 1964 ஜனவரி 1 அன்று, மான்செஸ்டரில் ஸ்டூடியோவாக மாற்றப்பட்ட ஒரு தேவாலயத்திலிருந்து ஒளிபரப்பான ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ முதல் நிகழ்ச்சியே இன்று இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய நிகழ்ச்சி அது. போகட்டும். 1973இல் அந்தச் சாக்குகளில் பாதி செல்லாது. டேப் வண்ணத்தில் இருக்கிறது, பாடியவர் நாடறிந்த நட்சத்திரம். ஆறு மாதம் முன்பு அதே நிகழ்ச்சியில் அவர் ‘ஸ்டார்மேன்’ பாடியதை நாடே பேசியது. அப்படியும் கை நீண்டது என்றால் அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

பாட்டும் படமுமாக மனதில் பதிந்தவர்கள் தேடத் தொடங்கினார்கள். இத்தகைய தேடலுக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் வழிகள் விசித்திரமானவை. வெளிநாட்டு டி.வி. நிலையங்களுக்கு விற்ற ஃபிலிம் பிரதி எங்காவது கிடக்கிறதா? டி.வி. திரையை நோக்கி சினி கேமராவைப் பிடித்த புண்ணியவான் யாராவது உண்டா? வேறு நிகழ்ச்சிக்குள் ஒரு துண்டு ஒளிந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி கேலியல்ல. 1965இல் பீட்டில்ஸ் ‘டிக்கெட் டு ரைட்’ பாடிய ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ பதிவு அழிந்தது. ஆனால் அதே ஆண்டு மே 22 அன்று ஒளிபரப்பான ‘டாக்டர் ஹூ’ டி.வி. தொடரின் கதையில், காலம் கடந்து பார்க்கும் ஒரு கருவியின் திரையில் அந்தப் பாட்டின் சிறு துண்டு ஓடுகிறது. அது மட்டும் மிஞ்சியது. அந்தத் துண்டுக்கும் அமெரிக்க டிவிடியில் உரிமைப் பிரச்சினையால் கத்தரி விழுந்தது!

1966 ஜூன் 16 அன்று பீட்டில்ஸ் அதே நிகழ்ச்சிக்கு நேரில் வந்து ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாடினார்கள். நேரலையில் வந்தது அந்த ஒரே முறைதான். டேப் போய்விட்டது. 2019இல் மெக்சிகோவில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து 11 விநாடி கிடைத்தது. சத்தம் கிடையாது. செய்தி பரவியதும் லிவர்பூல் குடும்பம் ஒன்றிடம் இருந்த 8 மி.மீ. ஃபிலிம் வெளியே வந்தது. அதில் ஒன்றரை நிமிடம், அதுவும் ஊமைப் படம். டி.வி. பெட்டியின் முன் கேமராவைப் பிடித்து எடுத்தது. பிங்க் ஃப்ளாய்ட் 1967 ஜூலையில் ‘ஸீ எமிலி ப்ளே’ பாடிய பதிவும், மிகவும் சேதமான வீட்டு வீடியோ டேப் ஒன்றில் கிடைத்து 2010 ஜனவரியில் லண்டனில் திரையிடப்பட்டது. படம் இப்படிச் சிதைகிறதே என்று குறை சொல்லத் தோன்றலாம். ரசிகர்கள் சொல்லவில்லை. பட்டினி கிடந்தவன் பந்தியில் உப்பு குறைவென்று சொல்ல மாட்டான்.

இந்த வழிகள் எதிலும் ‘ஜீன் ஜீனி’ அகப்படவில்லை. அகப்படவும் முடியாது. ஏனென்றால் அது இருந்தது அன்று கேமராவுக்குப் பின்னால் நின்ற ஹென்ஷாலிடம்.

ஹென்ஷாலுக்கு லென்ஸ் பைத்தியம். டி.வி. கேமராவுக்கென்று ‘டெலிஃபெக்ஸ்’ என்ற ஃபிஷ்ஐ லென்ஸை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அன்றைய பதிவில் அதைப் பயன்படுத்தினார். ரான்சன் கித்தாரில் இறங்கும் இடத்தில் மேடை உப்பி வளைகிறது. கித்தாரின் கழுத்து நம்மை நோக்கி நீள்கிறது, ஓரங்களில் ஸ்டூடியோ விளக்குகள் உருண்டு ஒதுங்குகின்றன. பாட்டின் கிறுகிறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடி கிடைத்திருக்காது. தன் வேலையைப் பிறருக்குக் காட்ட மாதிரி வேண்டும் என்பதற்காக, ஒளிபரப்புத் தரத்திலேயே இரண்டு அங்குல டேப்பில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். பத்திரமாகவும் வைத்திருந்தார்.

கவனியுங்கள், போவிக்காக அல்ல, லென்ஸுக்காக. ரசிகர்கள் இத்தனை வருடம் போவியைத் தேடினார்கள். அவரைக் காப்பாற்றியதோ ஒரு தொழிலாளி தன் கைவேலையின் மேல் வைத்த பெருமிதம். காப்பகம், கொள்கை, குழு என்று பெரிய பெயர்கள் எல்லாம் கைவிட்ட இடத்தில், ‘என் ஷாட்டைப் பாருங்கள்’ என்ற ஆசை வேலை செய்திருக்கிறது. பிபிசியிலும் ஒரு பிரதி இருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார். உலகத்தில் இருப்பது தன்னிடம் உள்ள ஒன்றுதான் என்று தெரிந்தபோது அவருக்கே ஆச்சரியம். நினைத்த நேரத்தில் போட்டுப் பார்க்கிற டேப்பும் அல்ல அது. அந்த ஆளுயர இயந்திரம் எந்த வீட்டில் இருக்கிறது?

2011 டிசம்பர் 11. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 1993 முதல் நடத்திவரும் ‘மிஸ்ஸிங் பிலீவ்ட் வைப்ட்’ என்ற, தொலைந்து கிடைத்த நிகழ்ச்சிகளைத் திரையிடும் நிகழ்வில், லண்டன் சவுத்பேங்க் அரங்கில் அந்தப் பிரதி ஓடியது. 38 வருடத்துக்குப் பிறகு, முழுப் பாட்டு, முழு வண்ணத்தில். பத்து நாள் கழித்து, 21ஆம் தேதி, பிபிசியே தன் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ் 2’ கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அதை ஒளிபரப்பிக்கொண்டது. தான் அழித்ததைத் தன் முன்னாள் கேமராமேனிடமிருந்து வாங்கிப் போட்டுப் பெருமையடித்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் கூச்சம் இருப்பதில்லை.

போவிக்கு அப்போது 64 வயது, உயிரோடு இருந்தார் என்பது ஓர் ஆறுதல். ரான்சன் 1993லேயே போய்விட்டார். அந்த கித்தார் வளைவை அவர் பார்த்திருக்க வேண்டும்.

பக்கம் முடிந்துவிட்டது. 1978ஐத் தொடவே இல்லை. அழிப்பதற்கு முன் எதை வைத்திருப்பது என்று முடிவெடுக்க பிபிசி ஓர் ஆளை அமர்த்திய ஆண்டு அது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த சூ மால்டன் என்ற பெண்மணியை, குறுக்கே இன்னொரு கேமராமேன் வராவிட்டால், அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)