நூறு பங்கில் அறுபது எங்கே போகிறது?



அண்மையில் ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தின்போது மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, நிலக்கரியை எரித்தால் அதன் சூடு முழுவதும் மின்சாரமாகிவிடுமா?” பாதிகூட ஆகாது என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகவே இக்கட்டுரை.

நெகிரி செம்பிலானில் நான் பிறந்த தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு மின் இயந்திரத்தை ஓட்டுவார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பிறகு லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். இயந்திரக் கூடத்தின் அருகே நின்றால் அனல் வீசும். எரிந்த எண்ணெயின் பெரும்பகுதி அந்த அனலாகவே வீணாயிற்று என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

நம் நாட்டு நிலக்கரிக்கும் இதே கதைதான். சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915-இல் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கியது. சீனரும் தமிழரும் அங்கே உழைத்தனர். அந்தக் கரி இரயில்களையும் மின்நிலையங்களையும் இயக்கியது. ஆனால் அது ஈரம் மிகுந்த கரி. எரியும்போது தன் ஈரத்தை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும். எண்ணெயின் போட்டிக்கு முன் நிற்க முடியாமல் 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது.

இன்று நம் மாநிலத்தில், போர்ட்டிக்சன் வட்டாரத்து ஜிமாவில் நிலக்கரி மீண்டும் எரிகிறது. இக்கரி கப்பலில் வருகிறது. 2009-இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தின் திறன் 1,400 மெகாவாட். இவ்வகை நிலையங்களில் நூறு பங்கு வெப்பத்தில் ஏறக்குறைய 36 பங்கே மின்சாரமாகும். ஏறத்தாழ பத்துப் பங்கு கொதிகலனிலும் புகைபோக்கியிலும் போகும். சில பங்குகளை நிலையத்தின் பம்புகளும் விசிறிகளும் எடுத்துக்கொள்ளும். மிகப் பெரிய பங்கு, சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கும்போது மலாக்கா நீரிணையின் நீரில் கலந்துவிடும்.

இது பொறியாளர்களின் கவனக்குறைவு அன்று. வெப்பம் முழுவதையும் இயக்கமாக மாற்ற எந்த இயந்திரத்தாலும் இயலாது என்பதற்கு, 1824-இலேயே பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ அடித்தளம் இட்டார். நீராவியின் சூடு உயர்ந்தால் இழப்பு குறையும். அதனால்தான் 2019-இல் இயங்கத் தொடங்கிய ஜிமா கிழக்கு நிலையம், ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூட்டில், மிக உயர்ந்த அழுத்தத்தில் நீராவியைப் பயன்படுத்துகிறது. அதன் திறன் 2,000 மெகாவாட். அத்தகைய நிலையங்களிலும் நூற்றுக்கு நாற்பது பங்கை ஒட்டியே மின்சாரம் கிடைக்கிறது.

ஆகவே, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய அரைக் கிலோ நிலக்கரி எரிகிறது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி, தான் உண்ணும் மின்சாரத்தைப் போல் இரண்டரை மடங்கு வெப்பத்தைக் கேட்கிறது.

இதைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன். மணி அடித்ததும் அதே மாணவன் எல்லாருக்கும் பின்னால் நின்று, விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டு வெளியேறினான். பத்து மணிக்கு இருண்டுபோன எங்கள் லயம் என் நினைவுக்கு வந்தது.