குடிநீர்க் குழாயை அரிக்கும் நுண்ணுயிரிகள்

காலையில் குழாயைத் திறந்ததும் நீர் செந்நிறமாக வருகிறதா? கழிப்பறை நீர்த்தொட்டியின் உட்சுவரில் பழுப்பு நிறக் கூழ் படிந்துள்ளதா? பொட்டிபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் மழைக்காலச் செம்மண் கலங்கலும் இதே நிறம் காட்டும். ஆனால் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, குடத்தில் நின்றபின் சிவக்கும் நீரில் கரைந்த இரும்பு உள்ளது. வழவழப்பான கூழும் இருப்பின், இரும்பு பாக்டீரியாக்கள் வளர்ந்திருக்கக்கூடும்.

இவை கரைந்த இரும்பைத் துருவாக மாற்றிக் குழாயின் உட்புறத்தில் படியவைக்கின்றன. படிவின் அடியில் ஆக்சிஜன் எட்டாது, சுற்றிலும் எட்டும். இவ்வேறுபாட்டால் அடியிலுள்ள இரும்பு கரைந்து குழி விழும். ஆக்சிஜனற்ற அவ்விடத்தில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் குடியேறி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கி அரிப்பை விரைவுபடுத்துகின்றன. அழுகிய முட்டை நாற்றமும் கருநிறப் படிவும் இதனால் ஏற்படுபவை. இவ்வகை அரிப்பை 1934ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து அறிஞர்கள் விளக்க முற்பட்டனர். நம் மாநிலத்தில் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதனை ஆராய்ந்து வருகிறது.

இரும்பு பாக்டீரியாக்கள் நேரடியாக நோய் உண்டாக்குவதில்லை. கவலை வேறு. கூழ்ப்படிவு குளோரினை உட்கொண்டுவிடும். பிற கிருமிகளுக்கு அது மறைவிடமாகும். குழி ஆழமாகிக் குழாயில் துளை விழுந்தால், நீர் விநியோகம் நின்ற வேளையில் அழுத்தம் குறைந்து, அருகிலுள்ள சாக்கடை நீர் உள்ளே புகும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியன இவ்வழியே பரவலாம். ஹெபடைடிஸ் ஈ வகைக் காமாலை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகவும். கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும், இரும்பு நீங்காது. செந்நீர் குடித்தால் இரத்தசோகை தீருமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தீராது, மருத்துவர் அளித்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மேல்நிலைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடரால் தூய்மை செய்யவும். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டும். குளோரோஸ்கோப் கொண்டு இதனை அறியலாம். நாற்றமோ கசிவோ தென்பட்டால் ஊராட்சியிடம் உடனே தெரிவிக்கவும்.

வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்கிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். சிறுநீர் மஞ்சளாகி உணவில் வெறுப்பு தோன்றினாலும் காலம் தாழ்த்த வேண்டாம்.