40 வயசானா ஐ.டி. வேலை அவ்ளோதானா? கோடிங் எத்தனை வயது வரை கைகொடுக்கும்? - முழு விளக்கம்

பிளஸ் 2 முடித்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ், கேம்பஸில் வேலை, ஓ.எம்.ஆரில் ஆபீஸ், 28 வயதில் 20 வருஷ ஹோம் லோனில் ஒரு ஃபிளாட். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான். அந்த லோன் முடியும்போது வாங்கியவருக்கு 48 வயது. அதுவரை வேலை இருக்குமா? ஐ.டி. ஊழியர்கள் பலரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு மிகை என்று விரிவாகப் பார்க்கலாம்.

இந்த பயம் திடீரென ஏன்?

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அப்போது அங்கு வேலை பார்த்தவர்கள் 6.13 லட்சம் பேர். அதாவது 12 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு வேலை போகும் என்பது கணக்கு. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்களே பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னதுதான் எல்லோரையும் உலுக்கியது. இதற்கு ஏ.ஐ. காரணம் இல்லை, தேவைப்படும் திறனுக்கும் இருக்கும் திறனுக்கும் பொருந்தவில்லை என்று தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் விளக்கம் கொடுத்தார்.

அதற்கு முந்தைய மாதம்தான் பெஞ்ச் விதியும் மாறியிருந்தது. ஆண்டுக்கு 225 நாட்கள் வாடிக்கையாளருக்கு பில் போடும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது புது விதி.

இது இந்தியாவுக்கு மட்டுமான கதையும் இல்லை. சீனாவில் '35 வயது நெருக்கடி' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கியதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2019-ல் கூகுள் 1.1 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

பிரச்னை வயதா, சம்பளமா?

ஐ.டி. சேவை நிறுவனங்கள் இயங்குவது 'பிரமிட்' முறையில். அடியில் நிறைய ஃபிரஷர்கள், நடுவில் கொஞ்சம் டீம் லீடுகள், உச்சியில் சில மேனேஜர்கள். ஃபிரஷர் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அடித்தளம் மலிவாக இருப்பதால்தான் லாபம் நிற்கிறது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 15 வருஷ அனுபவசாலிக்கு ஆண்டுக்கு 28 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் மூன்றரை லட்சம் சம்பளத்துக்கு எட்டு ஃபிரஷர்களை எடுக்கலாம். அந்த அனுபவசாலியின் வேலைக்காக வாடிக்கையாளர் அதிகக் கட்டணம் கொடுக்கத் தயார் என்றால் பிரச்னையே இல்லை. தயார் இல்லை என்றால் கம்பெனியின் கணக்கில் அவர் 'செலவு' ஆகிவிடுகிறார். கணக்குப் பார்ப்பவர்கள் பிறந்த தேதியைப் பார்ப்பதைவிட சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் வயது ஏற ஏறச் சம்பளமும் ஏறுவதால், அடி விழுவது 40-களில் இருப்பவர்களுக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதவி உயர்வு என்றாலே கோடிங்கிலிருந்து விலகுவது என்றுதான் இங்கே பழக்கம். டெவலப்பர், டீம் லீட், புராஜெக்ட் மேனேஜர் என்று மேலே போகப் போக மீட்டிங், மெயில், எக்ஸெல் ஷீட்டோடு நாள் ஓடிவிடும். எட்டு வருஷமாக ஒரு வரி கோடுகூட எழுதாத மேனேஜர்கள் ஏராளம். ஆட்குறைப்பு வரும்போது, மேற்பார்வை மட்டுமே செய்யும் இந்த நடு அடுக்கில்தான் கம்பெனி முதலில் கை வைக்கிறது. வெளியே போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தால், கோடு எழுதச் சொல்கிறார்கள். கையோ பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

வயதானால் கோடிங் வராதா?

இதற்கு ஆதாரம் குறைவு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரங்களை அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் அலசினார்கள். மற்றவர்களின் சந்தேகத்தைத் தீர்த்துப் பெறும் மதிப்பெண், 40-களைத் தாண்டியும் வயதோடு கூடவே ஏறியிருந்தது.

1943-ல் பிறந்த கென் தாம்சன், இளம் வயதில் யூனிக்ஸ் உருவாக்கியவர். கூகுளில் அவர் இருவரோடு சேர்ந்து உருவாக்கிய 'கோ' மொழி 2009-ல் வெளியானபோது அவருக்கு 66 வயது. 'ஆக்' மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவரான பிரையன் கெர்னிகன், 80 வயதில் அதற்கு யூனிகோட் வசதியைச் சேர்த்தார். நம்ம ஊரில் ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டுவிட்டு, ஆராய்ச்சிப் பணிக்காகத் தலைமை விஞ்ஞானி ஆனார். அப்போது அவருக்கு 50-களின் பிற்பகுதி.

இவர்கள் எல்லாம் விதிவிலக்கு என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் மூளை ஒத்துழைக்காது என்ற வாதம் நிற்காது என்பதற்கு இது போதும்.

அப்போ ஆபீஸில் 50 வயது புரோகிராமர்களைக் காணோமே?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நாஸ்காம் மதிப்பீட்டின்படி இந்திய ஐ.டி. துறையில் 2025-ல் சுமார் 58 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். 2000-ம் ஆண்டு வாக்கில் இருந்தவர்கள் சில லட்சம் பேர்தான். அப்போது 22 வயதில் சேர்ந்தவருக்கு இப்போது 47 வயது. அன்று சேர்ந்ததே கொஞ்சம் பேர் என்பதால், எல்லோரும் வேலையில் நீடித்திருந்தாலும் இன்றைய கூட்டத்தில் அவர்கள் சிறுபான்மையாகத்தான் தெரிவார்கள். 'காணோம்' என்பதாலேயே எல்லோரும் விரட்டப்பட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

ஏ.ஐ. யாருக்கு முதலில் ஆப்பு வைக்கிறது?

இங்கேதான் ஆச்சரியம். அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்ட்டில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது வரையிலான சாஃப்ட்வேர் டெவலப்பர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. வயதில் மூத்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை.

புத்தகத்தில் இருப்பதை ஏ.ஐ. நொடியில் எழுதிவிடும். அந்த கோடு சரிதானா, ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தால் எங்கே தேடுவது, பத்து வருஷம் முன்பு ஏன் இப்படி எழுதினார்கள் என்பதெல்லாம் அனுபவத்தில் வருவது. இது அமெரிக்கத் தரவு, இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 'ஏ.ஐ. வந்தால் சீனியர்கள்தான் முதலில் காலி' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சட்டம் கைகொடுக்குமா?

அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் தனியார் வேலைக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் இழப்பீடாகத் தர வேண்டும். இது 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். தொழில்நுட்ப வேலை செய்பவர் அதற்குள் வருவார். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வரமாட்டார். ஆக, கோடிங்கை விட்டு மேனேஜர் ஆனவருக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைகிறது.

சரி, 35-ஐத் தாண்டியவர்கள் என்ன பண்ணணும்?

* கோடிங்கை முழுசா விட்டுடாதீங்க. ஆர்க்கிடெக்ட், ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என மேனேஜர் ஆகாமலே உயரும் வழி பல புராடக்ட் கம்பெனிகளில் உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் திறன் மையங்களிலும் கேட்டுப் பாருங்க.

* ஒரு துறையைப் பிடிச்சுக்கோங்க. ஜாவா தெரிஞ்சவர் ஆயிரம் பேர் கிடைப்பார். ஜாவாவோடு வங்கிக் கடன் கணக்கும் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். 2020-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம், வேலையில்லாதோர் உதவித்தொகை கொடுக்கும் பழைய கம்ப்யூட்டர்களைச் சமாளிக்க, 1959-ல் உருவான கோபால் மொழி தெரிந்தவர்களைத் தேடியது ஞாபகம் இருக்கட்டும்.

* வேலை மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது ஒரு இன்டர்வியூ கொடுத்துப் பாருங்க. சந்தையில் உங்க மதிப்பு என்ன என்று வேலை போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

* ஆறு மாத இ.எம்.ஐ. மற்றும் வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்க. கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள சுகர், பி.பி. போன்றவற்றுக்குச் சொந்த பாலிசியில் மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் அதை இப்போதே எடுப்பது நல்லது.

* 'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க' என்று எச்.ஆர். சொன்னால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீங்க. தானாக ராஜினாமா செய்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பது கடினம். முதலில் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ பேசுங்க.

இப்போ கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாமா?

சேரலாம். ஆனால் '22 வயசில் வேலை, 60-ல் ரிட்டையர்மென்ட்' என்ற அரசு வேலைக் கணக்கை இதில் போடாதீர்கள். கற்றுக்கொண்டே இருக்கப் பிடிக்கும் என்றால் 50-களிலும் கோடு எழுதிச் சம்பாதிக்க முடியும். சம்பளத்துக்காக மட்டும் சேர்ந்து, மேனேஜர் ஆனதும் கீபோர்டை மறந்துவிடலாம் என்ற திட்டம் இருந்தால், 40 வயதில் பயப்படக் காரணம் இருக்கிறது. ஹோம் லோன் போடும்போதும் இதை மனதில் வைத்து, 20 வருஷத்துக்குப் பதில் முடிந்தவரை சீக்கிரம் அடைக்கப் பார்ப்பது நல்லது.